கதிர் பொறுக்குவோரும் வாத்துக்கூட்டமும்: ஒரு சுவரோவிய வேலைக்குறிப்பு

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், என் தாய்மாமன் வீட்டு நெற்களஞ்சியத்தின் கிழக்குச் சுவர் வயலைப் பார்த்தபடி பன்னிரண்டு அடிக்கும் மேலான உயரத்தில் வெறுமையாக நின்றது. பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் எனக்கு அந்தச் சுவரின்மேல் பல ஆண்டுகளாக ஒரு கண் உண்டு. சம்பா அறுவடை முடிந்து களஞ்சியத்தைச் சுத்தம் செய்த மாசி மாதத்தில், சுவரை நானே பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லி மாமாவிடம் அனுமதி பெற்றேன். சுவர் விளம்பரம் எழுதியே வாழ்நாளைக் கழித்த பக்கத்து ஊர் ஓவியர் அண்ணன் ஒருவர் துணைக்கு வந்தார். வேலை பங்குனி இறுதிவரை, விட்டுவிட்டு இருபத்திரண்டு நாட்கள் நடந்தது.

வரைய எடுத்துக்கொண்டது பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மிலே 1857இல் தீட்டிய ‘கதிர் பொறுக்குவோர்’ என்னும் ஓவியம். அறுத்து முடித்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து, சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குகிறார்கள். அவர்களுக்கு வெகு பின்னால், வெயிலில் பொன்னாக மின்னும் கதிர்ப்போர்களும் பாரம் ஏற்றிய வண்டியும் குதிரைமேல் அமர்ந்த மேற்பார்வையாளனும் சிறிதாகத் தெரிகின்றன. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தின் அகலம் 110 செ.மீ., உயரம் 83.5 செ.மீ. பாரிஸ் நகரத்துச் சலோன் கண்காட்சியில் அதை முதலில் பார்த்த வசதி படைத்தவர்களுக்கு, ஏழைகளை இத்தனை பெரிதாக, இத்தனை கம்பீரமாக வரைந்திருப்பது உறுத்தியது. காவிரிப் பாசன வயல்களில் வளர்ந்த எவருக்கும் அந்த ஓவியத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. எங்கள் ஊரில் அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கிச் சேர்த்த நெல்லில் ஒரு மாதக் கஞ்சியைக் கண்ட வீடுகள் உண்டு.

பழைய ஓவியத்தை அப்படியே பெரிதாக்கி வைப்பது என் நோக்கமல்ல. மரபுச் சின்னங்களாகிவிட்ட ஓவியங்களைத் தெருவோவியத்தின் மொழியிலும், விளம்பரம், பட இதழ் போன்ற வெகுசனப் படங்களிலிருந்து பிறந்த பாப் ஓவியத்தின் மொழியிலும் மறுபடி எழுதும் கலைஞர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். நெப்போலியன் குதிரைமேல் ஆல்ப்ஸ் மலையைக் கடப்பதாக பிரெஞ்சு ஓவியர் டேவிட் தீட்டிய ஓவியத்தை, 2005இல் அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி அதே குதிரை, அதே நிலை ஆகியவற்றோடு வரைந்து, சேணத்தில் படைவீரர் உடைபோன்ற சட்டை அணிந்த இன்றைய கறுப்பின இளைஞர் ஒருவரை அமர்த்தினார். பிரிட்டிஷ் தெருவோவியர் பாங்ஸி, மோனேயின் அல்லிக்குளத்தில் கடைத் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் போட்டார்; 2009இல் பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் வைத்த ஒரு படைப்பில், நான் எடுத்துக்கொண்ட இதே மிலே ஓவியத்திலிருந்து ஒரு பெண்ணை வெட்டி எடுத்து, சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்து புகைபிடிப்பவளாக ஆக்கினார். அந்தப் படைப்பை நான் மதிக்கிறேன். அவளுக்கு ஓய்வு கொடுத்தது நல்ல எண்ணம். ஆயினும் நம் வயலுக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தோன்றியது. மறுவாசிப்பில் நுழைக்கும் புதுப்பொருள், வரைபவன் நிற்கும் மண்ணிலிருந்து வர வேண்டும். அதோடு, பழைய ஓவியத்தை முன்னிலும் கூர்ந்து பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்தவும் வேண்டும். வான்கோ, புத்தி பேதலித்து மருத்துவமனையில் இருந்த 1889, 1890 ஆண்டுகளில், மிலேயின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட முறை வண்ணத்தில் தீட்டினார். நகல் எடுப்பதாக அவர் அதைக் கருதவில்லை, வண்ணம் என்னும் மொழிக்குப் பெயர்ப்பதாகவே கருதினார். என் அளவுகோலும் அதுதான்.

சுவரைத் தயார் செய்வதிலேயே எட்டு நாட்கள் போயின. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய சுவர் அது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு அடித்த வெள்ளை, அடைமேல் அடையாகப் படிந்து, விரலால் நிமிண்டினாலே செதில் செதிலாகப் பெயர்ந்தது. இத்தகைய சுண்ணாம்பின்மேல் எமல்ஷன் அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். சுண்ணாம்பு உதிரும்போது ஓவியமும் சேர்ந்தே உதிரும். ஆகவே கம்பி பிரஷ்ஷாலும் பட்டைத் தகட்டாலும் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, நான்கு நாட்கள் காயவிட்டோம். தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. அந்தப் பகுதியில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் ஒட்டி, மறுநாள் காலை உரித்துப் பார்த்தபோது உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கே எமல்ஷனைப் பூசினால் ஒரு மழைக்காலத்துக்குள் கொப்பளம் கட்டிவிடும். எனவே கீழ் இரண்டடியை ஓவியத்திலிருந்து விலக்கி, அங்கே புதுச் சுண்ணாம்பு மட்டும் அடித்துச் சுவரை மூச்சுவிட விட்டோம். அதற்கு மேல் ஒன்பதடி உயரமும் பன்னிரண்டடி அகலமும் ஓவியத்துக்கு என்று முடிவாயிற்று. மிலேயின் விகிதத்துக்கு இது மிக நெருக்கம், ஏறத்தாழ மூன்றே கால் மடங்குப் பெருக்கம்.

சுரண்டும்போது இடப்பக்க ஓரத்தில் நீலமும் சிவப்புமாக எழுத்துகள் தலைகாட்டின. ‘உரம்’ என்ற சொல் முழுதாகத் தெரிந்தது. அதன் முன்னும் பின்னும் இருந்தவை அழிந்துவிட்டன. ஓவியர் அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “வஜ்ரப் பசை கலந்து எழுதின பொடி வர்ணம் சார், நாங்கல்லாம் எனாமல் பிடிக்கறதுக்கு முந்தின காலத்து வேலை,” என்றார். அவர் அதைச் சொன்ன கணத்தில் கம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்களின் மேலேயே நாயக்கர் காலத்து ஓவியர்கள் தங்கள் ஓவியங்களைத் தீட்டினார்கள்; வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்து சொல்லும்வரை, ராஜராஜன் காலத்து வண்ணங்கள் அந்த மேலடுக்கின் கீழே மறைந்து கிடந்தன. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கை அழிக்காமல் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கீழடுக்கை வெளிக்கொணர்வதற்காக மேலடுக்கைப் பலி கொடுக்கவில்லை என்பதே அந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது. உர விளம்பரம் சோழர் ஓவியமல்ல. ஆனால் அதுவும் ஒருவருடைய கைவேலை, அந்த வயலின் வரலாற்றில் உரத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஓரடி அகலம் உள்ள அந்தத் துண்டை அப்படியே விட்டு, நிறமற்ற பிரைமரை மெல்லியதாக ஒருமுறை பூசி, ஓவியத்தின் இடது கீழ்க்கோடியில் வயலின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டேன்.

சுவர் காய்ந்ததும் பள்ளங்களில் வெளிப்புறச் சுவர்களுக்கான பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒருமுறையும் வெள்ளை எமல்ஷன் இருமுறையும் அடித்தோம். பிறகு தூக்குக் குண்டும் நூலும் கொண்டு ஓரடிச் சதுரங்களாக 108 கட்டங்கள் போட்டேன். கையில் இருந்த அச்சுப்படம் 24 அங்குல அகலம். அதில் இரண்டு அங்குலச் சதுரங்கள். கட்டம் போட்டு மாற்றும்போதுதான் ஓவியத்தின் எலும்புக்கூடு புலப்படும். மூன்று பெண்களில் எவருடைய தலையும் அடிவானக் கோட்டைத் தாண்டி எழவில்லை என்பதை அதற்கு முன் நூறு தடவை பார்த்தும் நான் கவனித்ததில்லை. நிமிர்ந்து நிற்கத் தொடங்கும் வலப்பக்கத்துப் பெண்கூட மண்ணின் நிறத்துக்குள்ளேயேதான் இருக்கிறாள். வானம் முழுவதும் போர்களுக்கும் வண்டிக்கும் உரியது. அந்தக் கோட்டை மீறினால் ஓவியம் செத்துவிடும் என்று சுவரிலேயே கரியால் குறித்து வைத்தேன்.

இன்னொன்றையும் கட்டங்களே காட்டிக்கொடுத்தன. இடமிருந்து வலமாக அப்பெண்களின் தலைத்துணிகள் நீலம், சிவப்பு, மங்கிய மஞ்சள். ராய் லிக்டன்ஸ்டைன் தம் பாப் ஓவியங்களை எழுப்பிய மூன்று முதல் நிறங்களும் அவையேதான். மிலே அவற்றைப் புழுதியும் நிழலும் பூசி அடக்கி வைத்திருக்கிறார். நான் செய்யவேண்டியதெல்லாம் புழுதியைத் தட்டிவிடுவது மட்டுமே. உடைகளை மாற்றினேன்: சேலை, அதன்மேல் வயல்வேலைக்கு நம் பெண்கள் போட்டுக்கொள்ளும் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடாகவும் வெயில் மறைப்பாகவும் சுற்றிய துண்டு. துண்டுகளுக்கு அதே வரிசையில் அதே மூன்று நிறங்கள், கலப்பே இல்லாமல். குனிந்த நிலைகளில் ஒரு விரலைக்கூட மாற்றவில்லை. முகங்களைத் தெளிவாக எழுதிவிடலாமே என்ற ஆசை நடுவில் வந்தது. மிலே நிழலில் விட்ட முகங்களை நானும் தட்டையான கருநிழலாகவே விட்டேன்.

இந்த வேலையின் இதயம் புள்ளிகள். மலிவு விலைப் பட இதழ்களில் அச்சிடுவோர் நிறத்தின் அடர்த்தியைக் காட்டப் பயன்படுத்திய புள்ளிகளை, லிக்டன்ஸ்டைன் துளையிட்ட உலோகத் தகடுகளின் வழியாகக் கித்தானில் பெரிதாக விழச் செய்தார். 1969இல் மோனேயின் வைக்கோற்போர் ஓவியங்களையே அப்படிப் புள்ளிகளால் மறுபடி செய்தார். எனக்கும் துளைத் தகடு தேவைப்பட்டது. அதைத் தேடி வெளியூர் போகவேண்டியிருக்கவில்லை. மூடப்பட்ட நெல் அரைவை ஆலை ஒன்றின் பழைய இரும்பு போட்டிருந்த இடத்தில், நெல்லிலிருந்து வைக்கோல் துணுக்கையும் மண்கட்டியையும் பிரிக்கும் சல்லடைத் தகடு கிடைத்தது. துளையின் விட்டம் 8 மி.மீ., துளைக்குத் துளை மையத் தொலைவு 12 மி.மீ., ஒன்றுவிட்ட வரிசையாக முக்கோண அடுக்கு. அந்த அளவுகளின்படி தகட்டில் திறந்திருக்கும் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. அதாவது ஒருமுறை உருட்டினால் நடுத்தர அடர்த்தி கிடைக்கும். இரண்டாம் முறை தகட்டை 7 மி.மீ. நகர்த்தி, துளைகள் முன் விழுந்த புள்ளிகளின் நடுவெளியில் வருமாறு வைத்தால் நிழலுக்குரிய அடர்த்தி கிடைத்துவிடுகிறது. ஆயிரமாயிரம் மூட்டை நெல் கடந்த தகடு கதிர் பொறுக்குவோரின் வானத்தை எழுதப்போகிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

முதல் நாள் தோல்வி. ஸ்பிரே கேனால் தகட்டின் வழியாக அடித்தபோது, பழைய காரைச் சுவரின் மேடுபள்ளத்தில் தகடு சரியாகப் படியாமல், வண்ணம் துளைக்கு வெளியே பரவிப் புள்ளிகள் யாவும் வால் முளைத்தவைபோல் ஆயின. பட்டறையில் தகட்டை ஓரடிச் சதுரமாக வெட்டி, பஞ்சு ரோலரில் எமல்ஷனை மிகக் குறைவாக எடுத்து, காகிதத்தில் உருட்டி முக்கால்வாசி வற்றவிட்டு, ஒருவர் தகட்டை அழுத்திப் பிடிக்க மற்றவர் உருட்டியபோதுதான் புள்ளி புள்ளியாக நின்றது. ஆறு முறைக்கு ஒருமுறை தகட்டைக் கழுவித் துடைக்காவிட்டால் துளைகள் அடைத்துக்கொண்டு புள்ளிகள் சிறுத்தன. அடுத்து, தகட்டை என் கட்டக் கோடுகளுக்குள் வைத்து உருட்டியதால் சதுரத்துக்குச் சதுரம் ஒரு தையல் தெரிந்தது. ஓரடி என்பது 12 மி.மீ. இடைவெளியால் மீதமின்றி வகுபடாத அளவு என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். பிறகு கட்டக் கோட்டை மறந்துவிட்டு, தகட்டின் கடைசி வரிசைத் துளைகளை முன்பு விழுந்த புள்ளிகளின்மேல் கண்ணால் பொருத்திப் பொருத்தி நகர்த்தினோம். வானமும் தொலைவயலும் நான்கு மாலைகளில் முடிந்தன. கிழக்குச் சுவர் என்பதால் நண்பகலுக்குப் பின் நிழல் கிடைத்தது. ரோலரும் தூரிகையும் அப்போது, ஸ்பிரே வேலை காற்று எழும் முன் விடியலில்.

அருகில் நின்றால் வெறும் நீலப்புள்ளிகள்தான். வாய்க்காலைத் தாண்டி, வரப்பில் நாற்பது, ஐம்பது மீட்டர் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால் புள்ளிகள் கண்ணுக்குள் கரைந்து, கோடை தொடங்கும் நாட்களில் எங்கள் வயல்மேல் நிற்கும் வெளிறிய வானமாகிவிடுகின்றன. 12 மி.மீ. இடைவெளியை மனிதக் கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான் முடிகிறது. இனி இத்தகைய வேலை செய்பவர்கள் பார்வையாளர் நிற்கும் தொலைவை முதலில் அளந்துகொண்டு, அதன்பின் துளையின் அளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எனக்கு அது தற்செயலாக அமைந்தது.

பின்னணியில் மிலே வைத்த போர்களில் ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றின் இடத்தில் சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரத்தை எழுதினேன். முதல் வரைவில் அதைப் பெரிதாக்கிவிட்டேன். அது வானத்தில் ஏறி நின்று பெண்களை நசுக்கியது. அழித்து, போர் இருந்த உயரத்துக்கே குறைத்தேன். இயந்திரம் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் சேர்த்துவிடுவதால் வயலில் எஞ்சுவது கதிரல்ல, சிந்திய மணிகள். கதிரை விரலால் பொறுக்கலாம். சேற்றுத்தாளில் சிதறிய மணியை மனிதர் பொறுக்கி மாளாது. அதைப் பொறுக்க இன்று எங்கள் வயல்களுக்கு வருபவை வாத்துகள். அறுவடை முடிந்த தாளடியில் மேய்ப்பவர்கள் வாத்துக்கூட்டங்களை ஊர் ஊராக ஓட்டிவந்து கிடை போடுவதைச் சம்பா அறுவடைக்குப் பின் டெல்டா முழுவதும் பார்க்கலாம். ஆகவே மிலேயின் வயலில் நான் புகுத்திய தெருவோவியம் வாத்துகள்தாம்: மூன்று பெண்களின் கால்களுக்கிடையிலும் பின்னாலும், ஸ்டென்சிலில் முப்பது வாத்துகள். அந்த எண்ணிக்கை, பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்கு என் வணக்கம். அவர் 1963இல் மோனாலிசாவை ஒரே கித்தானில் முப்பது தடவை அச்சிட்டு, ஒன்றைவிட முப்பது மேல் என்ற பொருளில் அதற்குப் பெயரும் இட்டார்.

ஸ்டென்சிலைப் பழைய எக்ஸ்ரே படச்சுருளில் வெட்டினேன். அட்டையைப்போல் நனைந்து ஊதாது, துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம். கழுத்தைத் தாழ்த்தியது, நிமிர்த்தியது, நடப்பது என மூன்று உருவங்கள்; ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் உடலுக்கு ஒரு தாள், கறுப்புக் கோட்டுக்கு ஒரு தாள். கண்ணைப் போன்ற தனித்தீவுகள் வெட்டும்போது விழுந்துவிடாமல் இருக்க மெல்லிய பாலங்களை விட வேண்டும். அந்தப் பாலங்கள் வாத்தின் இறகுக் கோடுகளாகவே அமையுமாறு வரைந்துகொண்டால் பின்னர் தொட்டுத் திருத்தவேண்டி இராது. இரு தாள்களின் மூலைகளிலும் ஒரே இடத்தில் சிறு வெட்டு வைத்து, சுவரில் பென்சில் குறியோடு பொருத்தினேன். கேனை ஓர் முழ தூரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, ஒரே மூச்சில் அடிக்காமல் மூன்று மெல்லிய வீச்சுகளாக அடித்தபோது விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் வந்தது.

இதில் ஒரு சேதம் நேர்ந்தது. நடுப்பெண்ணின் சட்டைக்குப் பளபளப்பு வேண்டும் என்று எனாமல் பூசியிருந்தேன். மறுநாள் அதன்மேல் வாகனங்களுக்கு அடிக்கும் ஸ்பிரேயால் ஒரு வாத்தின் தலையை அடித்ததும், அந்த இடத்தில் சட்டை கொதித்த பாலின் ஆடைபோல் சுருங்கிவிட்டது. உள்ளே முழுதாக இறுகாத எனாமலை ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தாக்கியதே காரணம். ஒரு கை அகலத்துக்குச் சுரண்டி, தேய்த்து, மறுபடி பிரைமரிலிருந்து தொடங்க நேர்ந்தது. எமல்ஷன் காய்ந்தபின் அதன்மேல் ஸ்பிரே அடிப்பதில் சிக்கலில்லை. எனாமலை இந்த வேலையிலிருந்து அதோடு விலக்கிவிட்டேன்.

பணி முடியும் தறுவாயில், வாத்து பார்க்க வந்த பிள்ளைகளோடு, இளவயதில் கதிர் பொறுக்கிய மூதாட்டி ஒருவர் வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு இடப்பக்கத்துப் பெண்ணைக் காட்டி, “இந்தப் புள்ள ஒரு கையப் பின்னால மடிச்சு வச்சிருக்கு பாருங்க தம்பி, அது சரி. பொறுக்குன கதிரு அந்தக் கையிலதான் இருக்கும். முன்னால புடிச்சா குனியுறப்ப மூஞ்சியில குத்தும்,” என்றார். அந்தக் கையை மிலே பயன்படுத்தியது உருவ அமைப்பின் அழகுக்காக என்றே அதுவரை நம்பியிருந்தேன். பிரான்சின் ஷாய்யி சமவெளியில் அவர் பார்த்து எழுதியதை, 160 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே வேலையைச் செய்த ஒருவர் எங்கள் ஊரில் சரிபார்த்துச் சொன்னார்.

அவர் அதோடு நிற்கவில்லை. “எல்லாம் இருக்கு, மடி எங்க? கை நெறஞ்சா எங்க போடும் அதுக?” என்று கேட்டார். மிலேயின் பெண்கள் முன்துணியை உயர்த்திக் கட்டிப் பையாக்கியிருப்பதை அச்சுப்படத்தில் மறுபடி பார்த்தேன். நான் போட்டுவிட்ட முழுக்கைச் சட்டைகள் அதை முற்றிலும் மூடிவிட்டிருந்தன. மறுநாள் விடியலில் சாரத்தில் ஏறி, மூன்று சட்டைகளிலும் கீழ்ப் பொத்தான்கள் இரண்டிரண்டை அழித்து, சட்டையை இருபுறமும் விலக்கி, இடுப்பில் செருகிய முந்தானை மடியை எழுதினேன். வலப்பக்கத்துப் பெண்ணின் மடிக்குள் மட்டும் அந்தச் சல்லடைத் தகட்டை வைத்து, மஞ்சளில் ஒருமுறை உருட்டினேன்.